வேருக்கும் மூச்சு வேணும்

இலை ஆக்சிஜன் தருகிறது, நாம் அதை எடுத்துக்கொள்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிப் பாடம்தான். செடியும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. வேர், மண்புழு, மண்ணுக்குள் இருக்கிற பெரும்பாலான நுண்ணுயிர்கள் எல்லாமே ஆக்சிஜனைச் செலவழித்துத்தான் வாழ்கின்றன. வங்கியில் காலம் கழித்தவன் என்பதால் இதை வரவு செலவாகவே பார்க்கத் தோணுது. இயற்கை உழவர்கள் செலவுப் பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்கணும்.

வரவை முதலில் பார்த்துவிடுவோம். இலை வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறது. ஹைட்ரஜன் மாவுச்சத்து செய்யப் போகிறது, ஆக்சிஜன் வெளியே வருகிறது. அது கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று 1941-இல் ரூபன், காமன் ஆகியோரின் ஆய்வு காட்டியது. நம்ம காரைக்குடி சிக்ரியில் ஆராயும் மின்வேதியியலில், தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் செலுத்தணும். வரப்பில் கிடக்கிற அருகம்புல் கரண்ட் பில் இல்லாமலே அதைச் செய்கிறது!

இந்த வித்தை மரத்துக்கு முன்பே நீலப்பச்சைப் பாசிக்குத் தெரியும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது அதனால்தான். இன்றும் உலக உற்பத்தியில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உபயம். நெல்வயல் தண்ணீரிலும் அந்தப் பாசி உண்டு. வயலில் தழைச்சத்தைச் சேர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்று 1939-இல் பி.கே. டே எழுதினார்.

இனி செலவு. உதிர்ந்த இலை மட்கும்போது, அது உருவானபோது வெளிவிட்ட அளவு ஆக்சிஜன் திரும்பச் செலவாகிவிடுகிறது. அமேசான் காட்டை உலகத்தின் நுரையீரல் என்கிறார்கள். ஆனால் அது உண்டாக்குவதை ஏறக்குறைய முழுக்க அதுவே செலவழித்துவிடுகிறது. காற்றில் 21 சதவீதம் இருப்பது பழைய சேமிப்பு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேற்றில் புதைந்த மிச்சத்தால் வந்தது. கம்போஸ்ட் குவியலில் கை வைத்தால் சுடுகிறதே, அது நுண்ணுயிர்களின் மூச்சுச் சூடு. குவியலைப் புரட்டிவிடச் சொல்வது அவற்றுக்குக் காற்று போகத்தான்.

அப்படியானால் மண்ணில் போடும் ஒவ்வொரு கூடை தழையும் ஆக்சிஜன் கேட்கும். புஞ்சையில் கவலையில்லை, மண் இடுக்கு வழியே காற்று வந்துவிடும். தண்ணீர் கட்டிய நெல்வயலில்தான் சிக்கல். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். நம்ம ஊர் வெக்கையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது 7, 8 மில்லிகிராம்தான். அதுவும் காற்றில் பரவுவதைவிட சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் பரவும். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றுக்குழாய் போன்ற இடைவெளிகள் உண்டு. அதனால்தான் சேற்றிலும் பிழைக்கிறது. பச்சைத் தழையை மிதித்த கையோடு நட்டால், நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிட்டு, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டத்துக்கு இடம் விட்டுவிடும். பிறகு கால் வைத்தால் குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நாற்று மஞ்சளிக்கும். உடனே யூரியா குறை என்று சொல்ல ஆள் வந்துவிடுவார். குறை தழைச்சத்தில் இல்லாமல் மூச்சில் இருக்கலாம்.

ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். புது வேர் வெள்ளையாகவும் பழையது துருப்பிடித்த செம்பழுப்பாகவும் இருந்தால் நல்லது. வேர் கசியவிடும் ஆக்சிஜன் மண்ணின் இரும்பைத் துருவாக்கிப் படியவைத்த நிறம் அது. வேர் கறுத்து நாறினால் மூச்சுத் திணறல்.

தக்கைப்பூண்டோ கொழுஞ்சியோ மடக்கி உழுதால், குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் விட்டு நடுங்கள். நம்ம பக்கத்துப் புழுதி விதைப்பில் முளைக்கும்போதே வேருக்குக் காற்று கிடைத்துவிடுகிறது. கண்மாய்த் தண்ணீர் ஏறிய பிறகுதான் கவனம் வேணும். அங்கே பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் மருந்து. மடகாஸ்கரில் லோலானியே 1980-களில் உருவாக்கிய ஒற்றை நாற்று நடவிலும் இதுதான் முக்கியம். தூர் கட்டும் பருவத்தில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டு மறுபடி கட்டலாம். ஆனால் மழை நின்று கண்மாயும் வற்றும் ஆண்டில், மறுநனைப்புக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மடையைத் திறங்கள். பூட்டைப் பருவத்திலிருந்து பூக்கும்வரை காயவிடவே கூடாது.