லீவரை மெல்லப் பிடியுங்கள்

புதிதாகத் திறந்த ஃப்ரோசன் யோகர்ட் கடைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். கூட்டத்துக்காகச் சொல்லவில்லை, மெஷினுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் தென் கலிஃபோர்னியாவின் இர்வைனில் இந்த மாதிரிக் கடைகளில் எல்லாமே நம் கைவேலைதான். சுவரோரம் வரிசையாக மெஷின்கள். ஒவ்வொன்றிலும் மூன்று லீவர். இரண்டு ஓரத்திலும் தனித்தனிச் சுவை. நடு லீவரை இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும். மேலே தொட்டியில் ஊற்றி வைத்த கலவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கும் குளிர் உருளைக்குள் இறங்குகிறது. சுழலும் மத்து அதைக் காற்றோடு சேர்த்துக் கடைந்து உறைய வைக்கிறது. மைனஸ் 6, 7 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளியே வரும். நாம் எடுத்த அளவுக்குப் புதுக் கலவை உள்ளே போகும். அது உறையக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். திறப்பு விழா வாரத்தில் அந்த அவகாசத்தை யார் தருகிறார்கள்? ஒருவர் பின் ஒருவராக ஒரே லீவரை இழுக்க, கடைசியில் நிற்பவர் கப்பில் கூழ்தான் விழும்.

அதனால் நான் முதலில் சுவைப் பெயர்களைப் படிப்பதில்லை. முன்னால் நிற்பவர் எடுப்பதைப் பார்ப்பேன். மடிப்பு மடிப்பாக விழுந்து, விளிம்பு கலையாமல் நின்றால் நல்ல நேரம். தட்டையாகப் பரவினால் அடுத்த மெஷினுக்கு நகர்வதே புத்தி. நடு லீவருக்கு இரண்டு உருளையிலிருந்தும் வருவதால், ஒன்று இளகியிருந்தாலும் இரண்டும் கெடும். புதுக் கடையில் குழந்தைகள் கை முதலில் போவது அதற்குத்தான்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் திறந்த கடைக்கு அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வார நாள், மத்தியானம் மூன்று மணி. உள்ளே எண்ணி நாலு பேர். சாம்பிள் கப் கேட்டு வாங்கி, அம்மாவுக்கு ஒன்றும் கலக்காத புளிப்புச் சுவையைக் கொடுத்தேன். ஒரு வாய் போட்டுவிட்டு, “ஏண்டி, நம்ம தயிர்ல சர்க்கரையப் போட்டு ஃப்ரீசர்ல மறந்து வெச்ச மாதிரி இருக்கே, இதுக்கா இவ்ளோ ஜோடனை?” என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு சாம்பிள் கேட்டாள். அதுவும் அதே சுவை.

எந்தக் கடையானாலும் முதலில் ருசி பார்க்க வேண்டியது இந்தப் புளிப்பைத்தான் என்பது என் கட்சி. சாக்லெட்டிலும் கடலை வெண்ணெயிலும் சுமாரான கலவை ஒளிந்துகொள்ளும், வெறும் புளிப்பில் ஒளிய இடம் கிடையாது. ஆர்கன்ஸாவின் லிட்டில் ராக்கில் 1981இல் டிசிபிஒய் என்ற ஃப்ரோசன் யோகர்ட் கடை தொடங்கியபோது இந்தப் பண்டம் ஐஸ்க்ரீம் மாதிரியே இனிக்க வேண்டும் என்பதுதான் வியாபாரம். புளிப்பைத் தைரியமாக முன்னே வைத்தது பிற்பாடு வந்தவர்கள். கொரியாவில் 2002இல் ரெட் மேங்கோ, மேற்கு ஹாலிவுட்டில் 2005இல் பிங்க்பெரி. பிங்க்பெரியின் அந்தச் சின்னக் கடைக்கு வந்த கூட்டம் கண்ட இடத்தில் காரை நிறுத்தி அபராதம் கட்டியது அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸ் கதை. நாமே பிடித்து, எடை போட்டுக் காசு கொடுக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் பரவியது. யோகர்ட்லேண்ட் 2006இல் ஃபுல்லர்டனில் தொடங்கியது.

“உடம்புக்கு நல்லது” என்று சுவரில் எழுதியிருப்பதைப் பாதி நம்புங்கள். கொழுப்பு குறைவுதான், சர்க்கரை குறைவில்லை. நல்ல பாக்டீரியா உறைந்தால் செத்துவிடும் என்பதும் சரியில்லை. பெரும்பாலானவை தூங்கும், அவ்வளவே. ஆனால் புளித்த பிறகு கலவையைச் சூடாக்கியிருந்தால் அவை போயே போச்சு. உயிருள்ள பாக்டீரியாவுக்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உறைந்த யோகர்ட்டுக்கு அதைத் தர, தயாரிக்கும்போது கிராமுக்கு 1 கோடி பாக்டீரியாவாவது இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

இனி எடை. நாங்கள் போன கடையில் அவுன்ஸ் 79 சென்ட். 8 அவுன்ஸ் எடுத்தால் 6 டாலர் 32 சென்ட், 12 எடுத்தால் 9 டாலர் 48. கப் மட்டும் அண்டா அளவில் இருக்கும், அடியில் கொஞ்சமாக எடுத்தால் நமக்கே கஞ்சத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும். லீவரை முழுக்கக் கீழே இழுத்தால் குபுகுபுவென்று கொட்டும், பாதி இழுத்துக் கப்பைச் சுற்றினால் கை சொன்னபடி கேட்கும். டாப்பிங் வரிசையில் வெட்டிய பழம், சாக்லெட் பாகு, பிரௌனித் துண்டு எல்லாம் கனம். தேங்காய்த் துருவல், சீவிய பாதாம் லேசு. மொறுமொறுப்பானவற்றைக் கடைசியில் மேலாகத் தூவுங்கள், அடியில் போட்டால் நமுத்துவிடும். காலிக் கப்பின் எடையைக் கழித்துத்தான் பணம் வாங்க வேண்டும். தராசில் கவுண்டி அதிகாரிகள் சோதித்து ஒட்டிய முத்திரை இருக்கும், நான் அதையும் ஒரு பார்வை பார்ப்பேன். மகனுக்கு இதில் மானம் போகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான கம்மி கரடிகளிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில யோகர்ட் கலவைகளிலும் சேர்க்கிறார்கள். கவுன்டரில் கேட்டால் சேர்மானங்கள் எழுதிய கோப்பை எடுத்துக் காட்டுவார்கள். மகன் ஆசைப்பட்ட கம்மி கரடியை அம்மாவின் கண்முன்னே நான் தடுத்ததில் பெரிய தகராறு. பதிலுக்கு வாயில் வெடிக்கும் சாற்று முத்துகளை அள்ளிக்கொண்டான். அவற்றின் தோல் பெரும்பாலும் கடல்பாசிச் சத்தில் செய்வது. மோச்சி அரிசி மாவில் செய்வது. கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை கூட வந்தால் டாப்பிங் பக்கமே விட வேண்டாம், ஒரே கரண்டி எல்லாக் கிண்ணத்திலும் புரள்கிறது.

கூப்பன் அட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சல் மட்டும் வேண்டாம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18, அந்தக் குளிரில் இது கல்லாகிவிடும். கட்டாயம் கொண்டுவர வேண்டுமென்றால் டாப்பிங்கைத் தனிக் கப்பில் வாங்கி, சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் யோகர்ட்டை வெளியே எடுத்து வையுங்கள்.