அஞ்சு வருஷக் கணக்கு

"இப்பவே ஆரம்பிச்சா அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் மாத்திரை கேக்காதாமே, டாக்டர்?"

பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா எழுதிய மறுநிமிடம் வரும் கேள்வி இது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது மகன். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போய், ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். ராத்திரி படுக்கையில் புரண்டு படுக்க மனைவியை எழுப்ப வேண்டியிருக்கிறது. இவருக்குத்தான் மருந்தை இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்லி யாரோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் வாட்ஸ்அப் என்பார்கள், சம்பந்தி என்பார்கள். சில சமயம் இன்னொரு டாக்டர். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இந்த அஞ்சு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? நோய் என்பது மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோவது. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். ஆனாலும் ஆரம்பத்தில் மூன்று வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்குகிறது. மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் காரணம். சில ஆண்டுகளில் அந்தச் செல்களும் குறைந்துவிடும். அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் பலம் இறங்கும். பலம் ஏறி நிற்கும்போது உடம்பு தானாக நெளியும். தொட்டி ஓட்டையாகிக்கொண்டே போகிறது, திட்டு வாங்குவது மோட்டார்.

சோதித்துப் பார்க்காமல் சொல்லவில்லை. கானாவில் பல நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கவே வருஷக்கணக்காகும். நோய் தொடங்கிச் சராசரியாக 4.2 ஆண்டு கழித்து லெவோடோபா ஆரம்பித்த அவர்களை, 2.4 ஆண்டில் ஆரம்பித்த இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. நெளிவும் ஏற்ற இறக்கமும் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தன. தாமதித்தவர்களுக்குக் கிடைத்த ஒரே 'லாபம்', அத்தனை காலம் மருந்தில்லாமல் கஷ்டப்பட்டது. நெதர்லாந்தில் 445 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனேயும் மற்றதற்கு 40 வாரம் கழித்தும் மருந்து கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளியானது: 80 வாரத்தின் கடைசியில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. சீக்கிரம் ஆரம்பித்தால் நோய் நின்றுவிடாது, சரி. ஆனால் சீக்கிரம் ஆரம்பித்ததால் எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

அளவு மட்டும் முக்கியம். அதிக மில்லிகிராம் போனால், அதுவும் இளவயதில் நோய் வந்தவர்களுக்கு, நெளிவு கூடும். அதனால்தான் தேவையான அளவுக்கு மேல் எழுதுவதில்லை. வயது குறைந்தவர்களுக்குச் சில நேரம் வேறு மருந்தில் தொடங்குகிறோம். அது டாக்டர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம், சம்பந்தி யோசிக்க வேண்டியதல்ல. இதைவிட மோசம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை 'மிச்சப்படுத்த' ஒரேயடியாக நிறுத்துவது. உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைக்குப் பயந்தவர்கள் அடுத்து நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்குகிறார்கள். அதில் இருப்பது என்ன தெரியுமா? லெவோடோபா! 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது நம் சென்னையில்தான். விதை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை, செய்யும். ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் விற்கும் 16 பூனைக்காலித் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஒரு வேளை அளவில் 2 மில்லிகிராமும் இருந்தது, 241 மில்லிகிராமும் இருந்தது. மாத்திரையில் சேர்ந்திருக்கும் கார்பிடோபா இதில் இல்லாததால் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே டோபமைனாக மாறி, குமட்டலைக் கிளப்பும். மாத்திரையோடு ரகசியமாகப் பொடியும் சாப்பிட்டுவிட்டு, "உடம்பு ஏன் இப்படி ஆடுது?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கை நடுங்கினாலே பார்க்கின்சன் அல்ல. காபி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு நோய். நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. கிழவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 40 வயதிலும் வரும். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறேன் என்று லட்சங்கள் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எல்லா மேடையிலும் புலம்பும் விஷயம் ஒன்று பாக்கி. கேஸ் டிரபிள் என்று மருந்துக் கடையில் வாங்கும் காப்ஸ்யூல்கள் சிலவற்றில் பேன்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். அது டோபமைனை வேலை செய்யவிடாமல் தடுப்பது. மாதக்கணக்கில் விழுங்கினால் நல்ல உடம்புக்கே பார்க்கின்சன்போல நடை தளரும், முகத்தில் பாவமே வராது. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனரிசின் இவையும் அதே வேலையைச் செய்யும். பெட்டியின் மேல் எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. போடுவதாகத் தெரியவில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், ஏப்பத்துக்குப் போடுவது உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள். இவற்றால் வந்த தளர்ச்சி என்றால், டாக்டர் சொல்லி மருந்தை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் சில மாதம் பிடிக்கும். நாலாம் நாளே "ஒண்ணும் குறையலையே" என்று போன் செய்யாதீர்கள்.