ஐப்பசிக்கு முன் முள்ளெடுங்கள்

ஆவணி பாதி தாண்டிவிட்டது. களமருதூர்ப் பக்கத்து ஏரிகளில் தரை தெரியும்போதே, இடிமழையில் மண் இளகியிருக்கும்போதே வேலிக்காத்தான் முள்மரத்தில் கை வைத்துவிட வேண்டும். ஐப்பசியில் தண்ணீர் ஏறிவிட்டால் வெயில் காலம் வரை உள்ளே இறங்க முடியாது. அதற்குள் காய் பழுத்துவிடும். ஆடுமாடு தின்று, சாணியோடும் புழுக்கையோடும் விதையை ஊரெல்லாம் போட்டுவிடும்.

அடர்ந்த புதருக்குள் ஜேசிபியை இறக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அங்கே தொடங்காதீர்கள். புல் இன்னும் மிச்சமிருக்கிற, முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே நான்கு பேரும் கடப்பாரையும் போதும்; எடுத்த இடத்தைப் புல்லே மூடிக்கொள்ளும். நடுப்புதரை ஒரே மூச்சில் மொட்டையடித்தால், மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் விதையெல்லாம் அடுத்த மழையில் முளைத்து, ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்று நிற்கும். அடுத்த மூன்று வருடம் கன்று பிடுங்க உங்களிடம் எத்தனை ஆள் இருக்கிறதோ, அந்த அளவுக்கு நிலத்தை மட்டும் இந்த வருடம் எடுங்கள்.

தரையோடு வெட்டிவிட்டுப் போனால் தூரிலிருந்து முன்னைவிட அதிகமாகத் துளிர்க்கும். மண்ணைப் பறித்துத் தூரோடு எடுக்க வேண்டும். கரை மேல் நிற்கும் மரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. மழைக்கு முன் அங்கே வேரைப் பறித்தால் கரை பலவீனமாகும். இப்போதைக்கு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிவிட்டு, கோடையில் தூரை எடுத்துக் குழியில் மண் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள்.

ஆள் வைத்து வெட்டும்போது நாட்டுக் கருவேலையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். கூட நின்று பாருங்கள்: நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இருக்கும். வேலிக்காத்தானின் பூ நீளக் கதிர். காற்றின் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையை நம்ப வேண்டியதில்லை. அந்தப் பொய் இல்லாமலே அதை எடுக்கக் காரணம் போதுமான அளவு உண்டு. ஆனால் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை நம்பியிருக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் பேசாமல் வேலையைத் தொடங்குவது நியாயமில்லை. ஊர் சேர்ந்து செய்வதாக இருந்தால் முதல் கூலி அவர்களுக்குப் போகட்டும்.

வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் வெட்டிய தண்டை அங்கேயே போடாதீர்கள். ஈரம் பட்ட துண்டெல்லாம் வேர்விடும். மேட்டில் குவித்துக் காயவிடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

கல்வராயன் மலையில் சிக்கல் உண்ணிச்செடி. அழகுக்காகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட வெப்பமண்டல அமெரிக்கச் செடி. இன்று அதன் அடியில் புல் முளைப்பதில்லை, மாடு தழையைத் தின்றால் நோய் கண்டுவிடுகிறது. கொளுத்தினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தீக்குப் பின் அது மறுபடி துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை எளிது: தரைக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாக நிறுத்திக் காயவிட வேண்டும். பழம் வருமுன் இதைச் செய்துவிடுங்கள். சரிவான இடத்தில் முழுவதையும் ஒரே தடவையில் எடுக்காமல், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக எடுத்து, காய்ந்த செடியையும் குறுக்கே அடுக்கினால் மழையில் மண் இறங்காது. அடுத்த வருடம் புதுக் கன்றை மரத்தடிகளில்தான் முதலில் தேட வேண்டும். பழம் தின்ற கொண்டைக்குருவி வந்து உட்காரும் இடம் அதுதான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை பெற்ற ஊர்களின் கிராம சபைக்குத் தன் காட்டைக் காத்து மீட்கும் அதிகாரமே உண்டு.

ஏரியில் நிற்கும் மரமும் அரசுடையது; தனியாள் வெட்ட முடியாது. அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் நாளிருக்கிறது. தமிழக அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கும் வாழிடங்களை மீட்டெடுப்பதற்கும் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைச் சொல்லி, அகற்றுவதோடு நடுவதையும் ஒரே தீர்மானத்தில் எழுதுங்கள். அகற்றுவது மட்டும் எழுதினால் மர ஏலத்தோடு வேலை முடிந்துபோகும்.

நட வேண்டியதை இப்போதே சேகரியுங்கள். பனம்பழம் விழும் காலம் இது. விதையைக் கரையின் வெளிச்சரிவில் ஊன்றுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏரி ஓரத்துக்கு நீர்மருது, நாவல், புங்கன். மலையில் கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை. கடுக்காய் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வருமானமும் தரும். புல் வேர்பிடிக்கும் வரை ஆட்டை விடாதீர்கள்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், எடுத்த இடத்தில் தண்ணீர் ஏறாத பகுதியைச் சுற்றி வாருங்கள். நான்கிலைக் கன்றாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். மாசி வந்தால் கடப்பாரை வேண்டும்.