படத்தை யார் யார் பார்க்கலாம்? பேஸ்புக்கில் படம் போடுகிறவர்களுக்கு ஒரு பாடம்



கடந்த வருடம் ஒரு நாள், அந்திக் கொழுந்து நிறுத்த கையோடு ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒபிசுக்கு வந்தார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. உட்காரச் சொன்னேன், இருவரும் உட்காரவில்லை. "சேர், இந்தப் புள்ளகிட்ட போனே இல்ல. ஆனா இவ பேஸ்புக்குல பொடியன்களோட கதைக்கிறான்னு லயமே பேசுது. அவங்க அப்பாவும் கொழும்புல இருந்து போன் பண்ணி ஏசுறாரு. மூணு கெழமையா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா" என்றார். பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

என் போனில் தேடிப் பார்த்தோம். வேறொரு பெயரில் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் முகம் இந்தப் பிள்ளையின் முகம். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, பின்னால் வாழைமரம். அவளுடைய சடங்கு வீட்டுப் படம்தான். நம் தோட்டத்துப் பொடியன்களே பலர் அதில் நண்பர்களாக இருந்தார்கள். படத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் தாய்க்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைதான் மெதுவாகச் சொன்னாள்: "மாமா மகன் போட்டாங்க சேர்."

அந்த மாமா மகனைக் கூப்பிட்டு விசாரித்தேன். நல்ல பையன், டவுனில் கடையில் வேலை. சடங்கு முடிந்த இரவே அத்தனை படத்தையும் ஆசையாக ஒரு அல்பமாகப் போட்டிருக்கிறான். அந்த அல்பத்தின் பெயருக்குக் கீழே உலக உருண்டை போல ஒரு சின்ன அடையாளம் இருந்தது. "இது என்னன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "என்னமோ ஒரு டிசைன்னு நினைச்சேன் சேர்" என்றான்.

இந்தப் பாடம் அந்தச் சின்ன உருண்டையைப் பற்றியதுதான்.

உருண்டை, இரண்டு தலை, பூட்டு

பேஸ்புக்கில் ஒரு படத்தைப் போடப் போகும்போது, மேலே உங்கள் பெயர் வரும். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அநேகம் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. அதைத் தொட்டால், இந்தப் படத்தை யார் யார் பார்க்கலாம் என்று கேட்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம், படத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

உலக உருண்டை இருந்தால் அது 'பப்ளிக்'. அப்படிப் போட்ட படம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம், பேஸ்புக்கில் இல்லாதவனும் பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு ஆள் தலை இருந்தால் அது 'பிரெண்ட்ஸ்'. அது நம் இஸ்தோப்பில் மாட்டின படம் மாதிரி, வீட்டுக்கு வந்து போகிறவர்கள்தான் பார்ப்பார்கள். பூட்டு இருந்தால் 'ஒன்லி மீ'. ட்ரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்த படம் அது.

இதற்கு நடுவிலும் இரண்டு வழி இருக்கிறது. 'பிரெண்ட்ஸ் எக்செப்ட்' என்றால் நண்பர்களில் சிலரைத் தவிர மற்றவர்கள் பார்க்கலாம். 'ஸ்பெசிபிக் பிரெண்ட்ஸ்' என்றால் நீங்கள் பெயர் பெயராகத் தெரிவு செய்கிறவர்கள் மட்டும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் சடங்கு, கல்யாணம், பிள்ளைப்பேறு போன்ற வீட்டு விசேஷப் படங்களுக்கு இந்தக் கடைசி வழிதான் நல்லது. வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா, கொழும்பில் இருக்கிற அண்ணன், திருப்பூருக்குப் போன மாமி என்று பத்துப் பதினைந்து பேரைத் தெரிவு செய்து போட்டால் போதுமே. படம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும்.

(ஒரு டிவிசனில் நடந்த கதை: காய்ச்சல் என்று சொல்லிப் பிரட்டுக்கு வராத ஒருவர், அன்றைக்கே நுவரெலியா ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிற படத்தைப் போட்டுவிட்டார். தோட்டத்து ஐயாவும் தன் நண்பர் பட்டியலில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டார். மறுநாள் பிரட்டுக்களத்தில் ஐயா கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா, காய்ச்சலுக்கு ஐஸ்கிரீம் ஒத்துக்கிச்சா?")

பழைய படங்கள்தான் பெரிய தொல்லை

இப்போது கவனமாக இருக்கிறவர்களும் பழைய படங்களை மறந்துவிடுகிறார்கள். 2014 மே மாதம் வரைக்கும் புதிதாகப் பேஸ்புக்கில் சேருகிற பெரியவர்களுக்கு அந்தக் கட்டம் தானாகவே உருண்டையில்தான் இருந்தது. பிறகுதான் கம்பனி அதை 'பிரெண்ட்ஸ்' என்று மாற்றியது. ஆகவே 2012, 2013 காலத்தில் பக்கம் திறந்தவர்கள், அன்றைக்கு எதையும் தொடாமல் போட்ட படங்கள் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில்தான் ஒட்டியிருக்கும். அன்றைக்கு மடியில் இருந்த பிள்ளை இன்றைக்கு வயதுக்கு வந்திருப்பாள்.

சரியாக வைத்திருந்தாலும் இடைக்கிடை பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டு மே 18 முதல் 27 வரைக்கும் பேஸ்புக்கின் உள்ளேயே ஏற்பட்ட ஒரு பிழையால், சுமார் 1 கோடி 40 லட்சம் பேருக்கு அந்தக் கட்டம் தானாகவே 'பப்ளிக்' என்று காட்டியது. அதைக் கவனிக்காமல் போட்டவர்களின் பதிவு எல்லோருக்கும் போனது. கம்பனியே பிறகு அதை ஒத்துக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் கட்டத்தை ஒரு தடவை பாருங்கள். தராசு முள்ளைப் பார்க்காமல் கொழுந்தைக் கொட்டுவோமா?

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றலாம். படத்தின் மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் யார் பார்க்கலாம் என்பதை மாற்றுகிற இடம் வரும். அல்பமாகப் போட்டிருந்தால் தனிப் படத்தில் மாற்ற முடியாது, முழு அல்பத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. 'செட்டிங்ஸ்' உள்ளே 'போஸ்ட்ஸ்' என்ற இடத்தில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று இருக்கிறது. அதைத் தொட்டால் முன்பு பப்ளிக்காகப் போட்ட எல்லாமே ஒரே அடியில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். திரும்ப மாற்ற நினைத்தால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டி வரும், ஆனாலும் நட்டமில்லை.

மாற்றின பிறகு, உங்கள் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'வியூ ஆஸ்' என்பதைத் தெரிவு செய்தால், வெளி ஆள் ஒருவர் பார்க்கும்போது உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும். நான் முதல் தடவை என் பக்கத்தை அப்படிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டேன், என் பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் திறந்தே கிடந்தன.

முகப்புப் படம் பற்றி ஒரு விஷயம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக வருகிற படத்தையும், அதற்கு மேலே அகலமாக வருகிற படத்தையும் முழுதாக மறைக்க முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டாலும் இப்போதைக்கு வைத்திருக்கிற அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு வைத்திருந்த பழைய முகப்புப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றலாம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு பக்கத்துக்கே பூட்டுப் போடுகிற 'லொக் ப்ரொபைல்' என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். உங்கள் போனிலும் அது தெரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் சின்னப் படமாகவாவது முகம் தெரியத்தான் செய்யும். ஆகவே பெண் பிள்ளைகள் முகப்பில் ஒரு பூவையோ மலையையோ வைத்தால் கேலி செய்யாதீர்கள். அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

அடுத்தது டேக். கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஒரு படம் போட்டு அதில் இருபது பேரை டேக் பண்ணுவது நம்ம பொடியன்களுக்குப் பழக்கம். நீங்கள் 'பிரெண்ட்ஸ்' என்று வைத்துப் போட்டாலும், டேக் பண்ணப்பட்டவர்களின் நண்பர்களும் அதைப் பார்க்கிற மாதிரித்தான் அநேகமாக இருக்கும். இருபது பேருக்கும் ஆளுக்கு இருநூறு நண்பர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலாயிரம். 'ப்ரொபைல் அண்ட் டேகிங்' என்ற இடத்துக்குப் போய், உங்களை யாராவது டேக் பண்ணினால் உங்களிடம் கேட்ட பிறகே உங்கள் பக்கத்தில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் பட்டியலையும் ஒரு தடவை மேலிருந்து கீழ் வரைக்கும் பாருங்கள். நேரில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத ஆட்கள் எத்தனை பேர்? அவர்களை எடுத்துவிட்டால் அவர்களுக்கு அறிவித்தல் எதுவும் போகாது, மனஸ்தாபம் வராது.

வட்ஸ்அப்பிலும் இதே கதைதான். உங்கள் படத்தை 'எவ்ரிவன்' என்று விட்டிருந்தால், நம்பர் கிடைத்த எவனும் பார்க்கலாம். 'பிரைவசி'யில் 'மை கொண்டெக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேற்றுத் தாள், இவற்றின் படத்தை நண்பர்களுக்கு மட்டும் என்றுகூடப் போட வேண்டாம். சந்தோஷம் விளங்குகிறது. ஆனால் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நாலு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். விஷயம் தெரிந்தவன் அந்த எண்ணை வைத்தே உங்கள் பிறந்த தேதியைச் சொல்லிவிடுவான்.

இதையெல்லாம் செய்தாலும் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற நண்பர் ஒருவரே படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெளியே விட்டால், எந்தப் பூட்டும் தடுக்காது. அதனால்தான் யார் பார்க்கலாம் என்று பேஸ்புக் கேட்பதற்கு முன்பே, "உன் படத்தைப் போடட்டுமா?" என்று படத்தில் இருக்கிறவரிடம் நாம் கேட்க வேண்டும். அந்தச் சடங்கு வீட்டில் தாய், மாமா, மாமா மகன், வீடியோக்காரர் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளையிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நான் கேட்டேன். "சேலை கட்டின படம் ஒண்ண மட்டும் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அந்தப் போலிப் பக்கத்தை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதலில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டோம், பிறகு சாட்சிக்குத் தேவைப்படும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டு 'ரிப்போர்ட்' என்பதில், வேறொருவர் போல் நடிக்கிறார்கள் என்று அறிவித்தோம். மாமா மகனும் அவனுடைய கூட்டாளிகளும் தனித்தனியாக அறிவித்தார்கள். சில நாளில் பக்கம் மறைந்தது. மாமா மகன் அல்பத்தை எடுத்துவிட்டு, அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டான். தகப்பனிடம் நானே போனில் பேசினேன். அது லேசாக முடியவில்லை, மூன்று தடவை பேச வேண்டி வந்தது. "படம் போனதுக்குப் புள்ள என்ன பண்ணுவா?" என்று நான் கேட்ட பிறகுதான் அவர் குரல் இறங்கியது. பிள்ளை அடுத்த திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போனாள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள், போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். பெண்களுக்கு 1938 இருக்கிறது. அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், பேச்சை வளர்க்கவும் வேண்டாம். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற இணையதளம் இருக்கிறது. அதற்கு உங்கள் படத்தை அனுப்பத் தேவையில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை உங்கள் போனே செய்து அனுப்பும். அதை வைத்து, சேர்ந்திருக்கிற கம்பனிகள் அந்தப் படத்தைத் தங்கள் தளத்தில் தேடித் தடுக்கும். இதைச் செய்யத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். பெண்கள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டால் புள்ளமடுவத்து அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு ஒபிஸ் இஸ்தோப்பில் இருப்பேன். போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு, கொஞ்சம் டேட்டாவும் போட்டுக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாஸ்வேர்டை ஞாபகமாக வைத்துக்கொண்டு வாங்க, ஆனா என்கிட்ட சொல்லிறாதீங்க.