தேயிலைச் செடிக்கும் கொழுப்பு உண்டு



கொழுப்பு என்றதும் நமக்கு ஆட்டிறைச்சியும் தேங்காய் எண்ணெயும்தான் ஞாபகம் வரும். தேயிலைச் செடியில் கொழுப்பா என்று சிரிப்பீர்கள். ஆனால் நாம் நாள்தோறும் கைவைக்கிற ஒவ்வொரு இலையிலும் கொழுப்பு இருக்கிறது. அளவு கொஞ்சம், வேலை பெரிது. பாடசாலைப் புத்தகத்தில் இதை இலிப்பிட்டு என்பார்கள். வெயில், பனி, பூச்சி, நோய் எல்லாவற்றிலிருந்தும் செடியைக் காப்பதில் இதற்குப் பங்குண்டு. இதைத் தெரிந்துகொண்டால், கொழுந்து எடுக்கும்போது எதை விட்டுவைக்க வேண்டும், ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது விளங்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் உள்ளவர்களுக்கு இதை வாசித்துக் காட்டட்டும்.

மேலே மெழுகுப் போர்வை

சேம்பு இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலையின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. தேயிலை இலைக்கும் அப்படி ஒரு மெல்லிய போர்வை உண்டு. செடி தன்னிடமுள்ள கொழுப்பிலிருந்துதான் அதைச் செய்துகொள்கிறது. இலைக்குள் இருக்கும் தண்ணீர் வெயிலில் வீணாக ஆவியாகிப் போகாமல் அது தடுக்கிறது. வறட்சி வந்தால் செடி அந்த மெழுகைக் கூட்டிக்கொள்ளும்.

முற்றிய இலையில் இந்தப் போர்வை தடிப்பாக இருக்கும். இளங்கொழுந்தில் அது இன்னும் சரியாக அமைந்திருக்காது. கொப்புள நோய் குருத்திலும் இளம் இலையிலுமே பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நோய் இலங்கையில் 1946ஆம் ஆண்டு காணப்பட்டது. அது ஒரு பங்கசு. அதன் வித்திகள் காற்றில் பறந்து வந்து, ஈரமான இளம் இலையில் முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு கொப்புளம் தோன்றி, அதிலிருந்து புதிய வித்திகள் மறுபடி காற்றில் கிளம்பும். மழையும் மூடுபனியும் நாட்கணக்கில் நின்றால் மலை முழுவதும் பரவிவிடும்.

உள்ளே எண்ணெய்ச் சுவர்

இலை கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் மென்சவ்வு என்ற மெல்லிய தோல் சுற்றியிருக்கிறது. அந்த மென்சவ்வின் பெரும்பகுதி கொழுப்பும் புரதமும்தான். அது இளகிய பதத்தில் இருந்தால்தான் தண்ணீரும் சத்தும் ஒழுங்காகப் போய்வரும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகி நிற்கும். அடுப்பருகே வைத்தால்தான் இளகும். பக்கத்தில் உள்ள நல்லெண்ணெய் உறையாது. இரண்டும் எண்ணெய்தான். ஆனால் கொழுப்பின் வகை வேறு. குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது செடிகளும் மென்சவ்வில் உறையாத வகைக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. சும்மா நிற்கிற செடி என்று நினைக்காதீர்கள், அது உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆனால் தை, மாசி மாதத்தில் ஒரே இரவில் கடும் பனி விழுந்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இலைக்குள் ஐஸ் கட்டி, கலங்களிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மென்சவ்வு கிழிந்துவிடும். வெயில் ஏறியதும் செடி தீயில் கருகியதுபோல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கொழுப்பிலிருந்து கிளம்பும் அபாய மணி

கொழுந்து பறித்ததும், புல் வெட்டியதும் ஒரு பச்சை வாசம் வருகிறதல்லவா? அது எங்கிருந்து வருகிறது? கலம் உடைந்ததும் மென்சவ்வின் கொழுப்பை நொதியங்கள் நொடிப்பொழுதில் துண்டாக்குகின்றன. அந்தத் துண்டுகளில் சில ஆவியாகி நம்ம மூக்குக்கு வருகின்றன. அதுதான் பச்சை வாசம்.

அதே கொழுப்பின் இன்னொரு பங்கு வேறு வழியில் போய் ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோனாக மாறுகிறது. மல்லிகையின் ஆங்கிலப் பெயரையொட்டி வைத்த பெயர் இது. மல்லிகை எண்ணெயின் மணத்தில் இதன் உறவுப் பொருள் ஒன்று உண்டு. பூச்சி கடித்தால் இந்த ஓமோன் செடிக்குள் ஓடி, "ஆபத்து வந்துவிட்டது" என்று செய்தி சொல்லும். உடனே செடி, பூச்சிக்குச் செரிக்காத பொருட்களையும் வேறு காப்புப் பொருட்களையும் உண்டாக்கத் தொடங்கும்.

1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்மர், ரயன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைக் காட்டினார்கள். ஒரு வகைச் செடியிலிருந்து காற்றில் வந்த அந்த மல்லிகை மணப் பொருள் பட்டதும், பக்கத்தில் மூடி வைத்திருந்த தக்காளிச் செடிகள் தம் இலைகளில் பூச்சிக்கு எதிரான பொருளைச் சேர்க்கத் தொடங்கின. வாயில்லாத செடிக்கு வாசமே செய்தி ஆகிறது.

தாய்வானில் இதையே தொழிலாக்கியிருக்கிறார்கள். ஒரு சின்னப் பச்சைத் தத்துப்பூச்சி கொழுந்தைக் குத்தி உறிஞ்சுகிறது. அந்தக் கடிக்குப் பதிலாகச் செடி உண்டாக்கும் பொருட்களால் தேயிலைக்குத் தேன், பழம் போன்ற மணம் வருகிறது. அங்கே அந்தத் தேயிலைக்கு நல்ல விலை உண்டு. அதற்காகப் பூச்சி எல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. காப்புக்குச் செலவழித்த சத்து வளர்ச்சிக்கு மிஞ்சாது. ஓயாமல் அடிபடுகிற செடி கொழுந்து விடுவது குறையும்.

நம்ம கையில் இருப்பது

நாம் கொழுந்து எடுப்பதும் செடிக்கு ஒரு காயம்தான். அதைத் தாங்கி, ஆற்றி, அடுத்த சுற்றுக்குக் கொழுந்து விட அதற்குப் பலம் எங்கிருந்து வருகிறது? மட்டத்துக்குக் கீழே நிற்கும் முற்றிய இலைகளிலிருந்துதான். வெயிலை வாங்கிச் செடிக்குச் சோறு சமைக்கும் அடுப்பு அவை. மெழுகும் மென்சவ்வும் அபாய மணியும் அந்தச் சோற்றிலிருந்தே உண்டாகின்றன.

நிறை காணாது, அரைப் பேர் விழுந்துவிடும் என்ற பயத்தில் முற்றிய இலையையும் சேர்த்து உருவிவிடுவது உண்டு. அந்தப் பயம் பொய்யல்ல. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! ஆனால் இன்று உருவிய இலை ஒருநாள் நிறையைத்தான் கூட்டும். அடுத்த சுற்றுகளில் அதே நிரையில் கொழுந்து குறையும், நம்ம பேரும் குறையும். நிறையைக் கேட்கும் தோட்டமும் உரம், கவ்வாத்து, நிழல்மரம் மூன்றையும் காலத்தில் கவனிக்க வேண்டும். பட்டினி கிடக்கிற செடியிடம் கிலோ கேட்டுப் பயனில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. மட்டத்துக்குக் கீழே உள்ள முற்றிய இலையை உருவாதீர்கள்.

2. மழைக்காலத்தில் சுற்று பிந்தக் கூடாது. கொப்புளம் முற்றி வெடிக்குமுன் இளம் இலையை எடுத்துவிட்டால் நோய் பரவுவது குறையும். சுற்று பிந்தினால் கங்காணியிடமும் தலைவரிடமும் சொல்லுங்கள்.

3. கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள், சாக்கில் மிதித்து அடைக்காதீர்கள். மென்சவ்வு உடைந்தால் ஸ்டோருக்குப் போகுமுன்பே கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். தேயிலையின் தரம் அங்கேயே போய்விடும்.

பிள்ளைகளுக்கு

ஒரு கொழுந்து இலையைக் கசக்கி உடனே முகர்ந்து பாருங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து, நிறத்தையும் பாருங்கள். என்ன மாறியது? பிறகு இவற்றுக்கு விடை எழுதுங்கள்:

1. கொப்புள நோய் முற்றிய இலையை விட்டு இளம் இலையைப் பிடிப்பது ஏன்?

2. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறையவில்லை. இதிலிருந்து இலையைப் பற்றி என்ன தெரிகிறது?

3. பறித்த கொழுந்தின் பச்சை வாசம் எதிலிருந்து வருகிறது?

விடைகள் மேலேயே இருக்கின்றன. அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு உரிய வாசம் அவர் கையிலேயே இருக்கும்.