அம்பு விடும் ஹால்டோரா

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, ஹை டென்ஷன் லைனை வில் அம்பால ட்ரிப் ஆக்க முடியுமா? ஐஸ்லாந்து நடிகை ஹால்டோரா கெயிர்ஹார்ட்ஸ்டோட்டிர் 'வுமன் அட் வார்' (2018) படத்தில் செய்வது அதைத்தான். அம்போடு போகும் கம்பி லைன்மேல் விழ, ஷார்ட் சர்க்யூட். அலுமினிய ஆலைக்கு கரண்ட் கட்! ஒரு கிலோ அலுமினியத்துக்கு சுமார் 15 யூனிட் வேணும். அதனால குறி சரிதான். (யாரும் ட்ரை பண்ணிடாதீங்க.)

இளவயதில் ராக் பேண்டில் பாடி சாக்ஸபோன் வாசித்தவர். பிறகு நாடக மேடை. ஐம்பதை நெருங்கும்போதுதான் உலகம் கவனித்தது.

போராளி ஹல்லா, யோகா டீச்சர் ஆசா: இரட்டையர் இருவருமே அவர்தான். உட்காரும் விதத்தை மட்டும் கவனிங்க, யார் யாருன்னு தெரிஞ்சிடும். ஹல்லா தத்தெடுக்க உக்ரைனில் ஒரு சிறுமி காத்திருக்கிறாள். இங்கே போலீஸ் தேடுது. வசனமே இல்லாம அந்தப் பயத்தை முகத்தில் காட்டுகிறார்.