ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும்

'ஊதியம்' என்னும் சொல்லைத் திருவள்ளுவர் ஆதாயம் என்னும் பொருளில் ஆண்டுள்ளார். இன்று அச்சொல் உழைப்பிற்கு ஈடாகப் பெறும் சம்பளத்தைக் குறிக்கின்றது. ஓய்வூதியமும் முன்னர் ஆற்றிய உழைப்பின் பயனே. ஆள்வோர் மனமிரங்கி வழங்கும் கொடை அன்று. நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டியது. அந்நாளே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

காப்பீடோ ஓர் ஒப்பந்தம். எழுதப்பட்ட செலவை மட்டுமே அது ஏற்கும். இவ்வேறுபாட்டை நம்மவருள் பலர், மருத்துவமனைக் கட்டணச் சீட்டைக் கையில் பெற்ற பின்னரே உணர்கின்றனர்.

முதற்கண் ஓய்வூதியத்தைக் காண்போம். அரசு உதவி பெறும் கல்லூரியின் ஆசிரியர் அறையில் மூவகையினர் ஒருங்கே அமர்ந்திருப்பர். 2003 ஏப்ரல் 1க்கு முன் முறையாகப் பணியேற்றோர் பழைய விதிகளுக்கு உட்பட்டோர். முப்பதாண்டுத் தகுதிப் பணிக்காலம் நிறைந்தால், இறுதியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தில் பாதி அவர்க்கு ஓய்வூதியமாகும். அதன்பின் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஊதியத்தில் 10 விழுக்காடு பிடித்தம், அதற்கு இணையான அரசின் பங்கு என்பது அதன் அமைப்பு. மூன்றாமவர் சுயநிதிப் பிரிவினர். இவர்க்கு அரசு ஓய்வூதியம் இல்லை.

ஆயினும் மூன்றாமவர் வெறுங்கையுடன் செல்ல வேண்டியதில்லை. தனியார் கல்வி நிலைய ஆசிரியர்க்கும் பணிக்கொடை உண்டு என 2009 இல் சட்டம் திருத்தப்பட்டது. அது 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என வகுக்கப்பட்டது. இத்திருத்தம் செல்லத்தக்கதே என உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதி செய்தது. மாத ஊதியத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்குதல் வேண்டும். 26,000 ரூபாய் பெற்று இருபதாண்டு பணியாற்றியவர்க்கு 3 இலட்சம் ரூபாய். கேட்டுப் பெறாமலே விலகியோர் எத்தனை பேரோ!

பழைய விதியினர் ஒன்றைச் சிந்தித்தல் நலம். அலுவலகங்களில் கம்யூட்டேஷன் என வழங்கும் முறைப்படி, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து, ஒரு தொகையை முன்னதாகவே பெறலாம். ஓய்வூதியம் 45,000 எனின், 15,000 குறைந்து 30,000 ஆகும். அகவிலைப்படி மட்டும் முழு 45,000க்கும் கணக்கிடப்படும். குறைந்த பங்கு 15 ஆண்டு கழித்தே மீளும். மருந்துச் செலவு மிகும் முதுமையிலும் மாத வருவாய் குறைந்தே இருக்கும் என்பதை, மகளின் திருமணத்திற்கெனத் தொகை பெறுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகம் வழங்கும் ஓய்வூதியக் கொடுப்பாணையில் துணைவரின் பெயரும் பிறந்த நாளும் பிழையின்றி உள்ளனவா என்றும் அன்றே பார்த்துவிட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் அதனைப் பொறுத்தது.

இனிக் காப்பீடு. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 இல் தொடங்கிற்று. 2022 ஜூலை 1 அன்று நான்காண்டுக்கென வகுக்கப்பட்ட சுற்றில் மாதப் பிடித்தம் 497 ரூபாய். ஓய்வூதியர்க்கும் துணைவர்க்கும் சேர்த்து வரம்பு 5 இலட்சம். குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு 10 இலட்சம். ஆண்டுதோறும் 5 இலட்சம் என்று சிலர் கருதுவது தவறு. அஃது நான்காண்டு முழுமைக்கும் உரியது. மேலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே அது பயன்படும். நாள்தோறும் உண்ணும் சர்க்கரை நோய் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, வீட்டில் அமர்த்தும் செவிலியர் ஆகிய செலவுகள் ஓய்வூதியத்திலிருந்தே செல்ல வேண்டும். 2017 ஊதியத் திருத்தத்தில் மருத்துவப் படி 300 ரூபாய் ஆயிற்று. அது எத்தனை நாளுக்குப் போதும்?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தனியார் பாலிசி எடுத்தோர் பலர். அவர்கள் முதலில் படிக்க வேண்டுவது அறை வாடகை வரம்பு. வரம்பு நாளொன்றுக்கு 5,000 ஆக, 10,000 ரூபாய் அறையில் தங்கினால், இழப்பு வாடகையோடு நிற்பதில்லை. விகிதக் கழிவு விதி உள்ள பாலிசியில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியனவும் பாதியாகும். அவை 1,20,000 எனின், 60,000 நம் கையிலிருந்து செல்லும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இக்கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறி. கட்டணச் சீட்டில் இதனைச் சரிபார்த்தல் வேண்டும். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என 2024 இல் விதி வந்தது. நோயை மறைத்து விண்ணப்பித்தலோ பின்னர் உரிமையையே இழக்கச் செய்யும்.

தனியார் பாலிசியில் கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். தீராவிடின் ஓராண்டிற்குள் தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசி, மறுப்புக் கடிதம், மருத்துவமனைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்தல் வேண்டும்.